அடுத்த நிலையம் கேஷ்யூ

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறுகிற தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாம். செஞ்சா, ஃபஜார், பெட்டிர், பெண்டிங் என்று எல்ஆர்டி வளைந்து வளைந்து போகிற புளோக்குகளிலிருந்து கிளம்பி வந்து, ரோச்சோரில் இறங்கி, ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி காண்கிறோம். முடிந்ததும் தேக்காவில் ஆட்டுக்கறியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு அதே ரயிலில் வீடு திரும்புகிறோம். 2015 டிசம்பரில் இந்தப் பாதை திறப்பதற்கு முன்பு 170ஆம் எண் பேருந்தில் குவீன் ஸ்திரீட் முனையம் வரை உட்கார்ந்துகொண்டே போனவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

புக்கிட் பாஞ்சாங்குக்கு அடுத்த நிலையம் கேஷ்யூ. கதவு திறக்கும், மூடும். நாம் இறங்கியதில்லை. இறங்கிச் சற்று நடந்தால் அப்பர் புக்கிட் தீமா சாலையில் வரிசையாக மூன்று வாசல்கள் வரும். 620ஆம் எண், புனித சூசையப்பர் ஆலயம். 622, அஸம்ப்ஷன் ஆங்கிலப் பள்ளி. 624, பாய்ஸ் டவுன். ஆலயத்தின் வரலாறு 1846இல் பிரெஞ்சு மறைப்பணியாளர் அனத்தோல் மொதுயியோடு தொடங்குகிறது. மிளகும் காம்பீரும் பயிரிட்ட சீனத் தோட்டக்காரர்களுக்காக அவர் எழுப்பியது அது. பாய்ஸ் டவுன் தொடங்கியது 1948இல். இந்த வட்டாரத்தில் நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இல்லம் அங்கே இருந்தது. நாம் குடிவந்த பிறகும் அது நமக்கு அண்டை வீடாகத்தான் இருந்தது. அண்டை வீட்டுக்கு நாம் என்ன செய்தோம் என்பதை இப்போதாவது ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

1948 என்றால் போர் முடிந்து மூன்று ஆண்டுகள். இதே சாலையில், சற்றுத் தள்ளி இருக்கிற ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அதன் பிறகு வந்த மூன்றரை ஆண்டுகளில் எத்தனை வீடுகள் குலைந்தன என்பதைச் சொல்ல நம் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தமிழர் குடும்பங்களின் கதையும் அதில் அடக்கம். அப்படிக் குலைந்த காலத்துப் பையன்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கைத்தொழிலும் கொடுக்கத் தொடங்கிய இடம்தான் பாய்ஸ் டவுன். அந்தப் பெயரை உலகறியச் செய்தவர் அயர்லாந்தில் பிறந்த எட்வர்ட் ஃபிளனகன் என்ற குருவானவர். 1917இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு வீடு திறந்தவர். இங்கே அப்பணியில் தோள் கொடுத்தவர்கள் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி அவர்களுடையதுதான். ஊரிலிருந்து வந்தவர்களில் அந்தப் பள்ளியின் பெயரை மரியாதையோடு சொல்லாதவர் யாருமில்லை. அதே சபை நம் வீட்டிலிருந்து ஒரு நிலையம் தள்ளி வளர்த்த பிள்ளைகளைப் பற்றி நாம் விசாரித்ததில்லை.

விசாரிக்காதது மட்டும் என்றால்கூடப் போகட்டும். அந்தப் பெயரை நாம் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தினோம். "படிக்கலைன்னா பாய்ஸ் டவுன்ல கொண்டுபோய் விட்டுடுவேன்." நம் வீடுகளில் இது கேட்காத சமையலறை எது? ஆறாம் வகுப்புப் பையன் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்த அன்று, கோபத்தில் நம் வாய்க்கு எளிதாக வந்தது அந்த இல்லத்தின் பெயர். பக்கத்திலேயே கேஷ்யூ சாலையில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்காக 2009இல் தொடங்கிய அஸம்ப்ஷன் பாத்வே பள்ளியின் பெயரையும் அதே பயமுறுத்தலில் சேர்த்துக்கொண்டோம். நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். அங்கே இருப்பவர்கள் தப்புச் செய்த பையன்கள் என்று நம்பினார்கள். எல்ஆர்டியில் அந்தப் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளவும் பழகினார்கள். அதை நாம்தான் பழக்கினோம்.

சிறுவர் இல்லங்களுக்கு ஒரு பிள்ளை எப்படி வருகிறது? அப்பா சிறையில் இருக்கலாம். அம்மாவுக்கு மனநோய் முற்றி இருக்கலாம். வீட்டில் அடி, பட்டினி, போதை. அல்லது எல்லாரும் இருந்தும் யாரும் பார்த்துக்கொள்ளாத நிலை. பெரியவர்கள் தவறியதால் அந்தப் பிள்ளைக்கு வேறு கூரை தேவைப்படுகிறது. 1993இல் வந்த சிறுவர், இளையர் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. நாளை அந்தப் பையன் வேலைக்குப் போகும்போது இந்த நாட்கள் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதற்காக நாடு ஒரு சட்டமே வைத்திருக்கிறது. நாமோ புளோக்குக்குக் கீழே நின்று பேசும் பேச்சில் அதை ஒட்டிவிட்டுக்கொண்டிருந்தோம்.

நாம் கஞ்சர்கள் அல்ல. ஊரில் தேருக்குப் புது வடம் என்றால் ஒரே வாட்ஸப் செய்தியில் பணம் சேர்கிறது. வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8 அன்று. ஆகஸ்டு பிறக்கும்போதே கொடி உபயம், பூ உபயம், கஞ்சி உபயம் என்று பட்டியல் வந்துவிடும். நாகப்பட்டினம், காரைக்கால், தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிராமக் கோயில்கள் பலவற்றில் பளிங்குத் தரையில் "சிங்கப்பூர் அன்பர்கள்" என்று செதுக்கியிருக்கும். கப்பல்பட்டறையில் வியர்வை சிந்தியவரும் துப்புரவு வேலை பார்த்தவரும் கொடுத்த பணம் அதில் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஊரை மறக்காதது நல்ல குணம். ஆனால் ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்பதையே இங்கே கொடுக்காததற்குக் காரணமாக வைத்துக்கொண்டோம். இங்கே இருப்பவர்களை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றோம். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது போதாதா என்றோம். தவக்காலத்தில் காரித்தாஸ் அறப்பணி வாரத்துக்காக ஆலயத்தில் கொடுக்கும் கவர் பல வீடுகளில் குளிர்ப்பெட்டி மேல் காந்தத்துக்கு அடியில் உயிர்ப்பு ஞாயிறு கடந்தும் காத்திருந்தது.

பொருளாகக் கொடுத்தபோது என்ன கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில் நம் ஜெபக் குழு இல்லப் பிள்ளைகளுக்கென்று துணியும் உணவுப் பொருளும் சேகரித்தது. புளோக்குக்குக் கீழே நீளமேசை போட்டுப் பிரித்தபோது கூட இருந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. இடுப்பளவு நாற்பது உள்ள முழுக்கால்சட்டை. ஒற்றைக் கால் காலணி. நிறம் மங்கிப்போன நிறுவனக் குடும்ப விழாச் சட்டைகள், மார்பில் பழைய ஆண்டு எண்ணோடு. பாதி தீர்ந்த ஷாம்பு. தேதி தாண்டிய மைலோ பாக்கெட். யாரோ தைக்காமல் விட்ட ரவிக்கைத் துணிகூட ஒன்று இருந்தது, பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருக்கும் வீட்டுக்கு. மேசையின் ஒரு மூலையில் மட்டும், புது உள்ளாடைப் பாக்கெட்டுகள் மூன்று அளவில், விலைச்சீட்டோடு, ஒரு பையில் இருந்தன. கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மா. "பழசு போட முடியாதது இதுதானே தம்பி" என்றார். மற்ற யாருக்கும் அந்த எண்ணம் தோன்றவில்லை. நாம் நம் அலமாரியைக் காலி செய்தோம். அந்த அம்மா ஒருவர்தான் பிள்ளையை நினைத்துக் கடைக்குப் போனார்.

நினைவு நாள் சாப்பாட்டிலும் இதேதான் நடந்தது. ஊரில் அப்பாவின் நினைவு நாளுக்கு அநாதை இல்லத்தில் ஒருவேளைச் சோறு போடுவது வழக்கம். அதை இங்கேயும் கொண்டுவந்தோம். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தையும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தையும்தான் கேட்டோம். ஓர் இல்லத்தில் ஒரே நாளில் இரண்டு குழுக்களின் பிரியாணி வந்து சேர்ந்தது. ஜூன் மாத விடுமுறையில், மற்ற பிள்ளைகள் ஜோகூருக்கும் ஊருக்கும் போய்விட, இல்லத்துப் பிள்ளைகள் மட்டும் நாள் முழுதும் உள்ளே இருக்கிற காலத்தில் யாரும் போகவில்லை. போனபோதும் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டோம். கூடாது என்றார்கள். நம்மில் சிலர் முகம் சுளித்தோம். "இவ்வளவு செய்றோம், ஒரு படம் எடுக்க விட மாட்டேங்கிறாங்களே" என்று திரும்பி வரும் வழியில் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பணத்தில் இன்னொரு பிடிவாதம் நமக்கு. கொடுக்கிற காசு அரிசிக்கும் துணிக்கும் போக வேண்டும், சம்பளத்துக்குப் போகக் கூடாது. எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறோம்! ஒரு சிறுவர் இல்லம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டோம். இரவு இரண்டு மணிக்குக் கெட்ட கனவில் அலறி எழுந்திருக்கும் பிள்ளையின் கட்டிலருகே போய் உட்கார விழித்திருக்கிற ஒரு பெரியவர் வேண்டும். கோபத்தில் நாற்காலியைத் தூக்கி எறிகிற பதினான்கு வயதுப் பையனிடம் குரல் உயர்த்தாமல் பேசத் தெரிந்தவர் வேண்டும். அதற்குப் படிப்பும் பயிற்சியும் பல ஆண்டுப் பழக்கமும் தேவை. வாரத்தின் ஏழு நாளும், முறை மாற்றி முறை மாற்றி, அப்படிப்பட்டவர்கள் இருந்தாக வேண்டும். அவர்களுக்கும் வாடகை உண்டு, பிள்ளைகள் உண்டு. சம்பளம் குறைவென்று அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், ஏற்கெனவே பலர் விட்டுப்போன ஒரு பிள்ளையை இன்னொருவரும் விட்டுப்போகிறார். அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று கொடுப்பது நமக்கு மனநிறைவு தந்தது. அந்த இரவுப் பணியாளரின் சம்பளத்தில் நம் காசும் இருந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

இவையெல்லாம் எந்தச் சமூகத்துக்கும் பொதுவான குறைகள் என்று யாராவது சொல்லக்கூடும். சீனப் பங்குமக்களும் பழைய துணி கொடுத்திருப்பார்கள். ஆனால் நாம் மட்டுமே கொடுத்திருக்கக்கூடிய ஒன்று இருந்தது. அதைக் கொடுக்காமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம்.

நம்மில் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஓர் இல்லத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்கே ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தொண்டூழியர்கள் இருந்தார்கள். சீன மொழிக்கும் ஆள் இருந்தது. தமிழுக்கு யாரும் இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தமிழ்ப் பாடநூலைப் புதுக் கருக்கோடு கொண்டுவந்து வைத்தான், புரட்டப்படாத நூல். எழுத்துக்கூட்டுவான், வாக்கியம் வராது. இல்லத்தில் அவனோடு தமிழில் பேச ஒரு பெரியவரும் இல்லாததால், வகுப்பில் கேட்பதோடு சரி. வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றி உரையாடச் சொல்வார்கள். பழகிக்கொள்ளட்டும் என்று அக்கா ஒரு கேள்வி கேட்டார்: விடுமுறை நாளில் குடும்பத்தோடு என்ன செய்வாய்? பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், குடும்பம் இல்லாம வேற கேள்வி வருமா?" என்று கேட்டான். அதைத் தமிழிலேயே கேட்டான், பிழையில்லாமல்.

அக்கா கேள்வியை மாற்றினார். உனக்குப் பிடித்த உணவங்காடி எது என்றார். புக்கிட் பாஞ்சாங் உணவங்காடியில் ஒரு மாமா தோசை சுடுவதை எப்போதோ பார்த்ததைச் சொன்னான். கரண்டியை எப்படிச் சுழற்றினார் என்று கையால் காட்டினான். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலம் போட்டான். அக்கா தமிழ்ச்சொல்லைச் சொல்ல, திரும்பச் சொன்னான். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு வாக்கியம் தானாகவே பேசினான். அடுத்த வாரமும் பேசினான். பிறகு அக்கா மகளின் பிரசவத்துக்குப் பெர்த் போக வேண்டியதாயிற்று. போகும் முன் நம் குழுவில் சொன்னார்: யாராவது என் இடத்துக்குப் போங்கள், வாரம் ஒரு மணி நேரம்தான். எல்லாரும் தலையசைத்தோம். யாரும் போகவில்லை. வேலை, பிள்ளைகளின் டியூஷன், மழை, தூரம். தூரம் என்பது ரயிலில் சில நிலையங்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். அந்த எண்ணிக்கையைத் தமிழ் மொழி மாதக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். ஆனால் வீடே இல்லாத பிள்ளைக்கு வீட்டு மொழி எங்கிருந்து வரும்? அவனுக்குத் தமிழ் ஒரு தேர்வுத்தாளோடு முடிந்துபோகும். அவன் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கும். அதைச் சரியாக உச்சரித்துக் கூப்பிடுகிற குரல்கூட இல்லாமல் வளர்வான். பத்து வெள்ளிக்கும் ஆயிரம் வெள்ளிக்கும் வாங்க முடியாதது அது. நம் நாக்கில் இலவசமாக இருந்தது.

முதியோர் இல்லங்களிலும் இதுவேதான் கதை. புனித சூசையப்பர் இல்லம் ஜூரோங்கில் 1978இலிருந்து முதியோரைப் பார்த்து வருகிறது. மூப்பில் இருப்பவர்களும் மழலைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும்படி அங்கே 2017 வாக்கில் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் சேர்ந்தது. தாம்சன் சாலை அசிசி அந்திமக்காலப் பராமரிப்பு இல்லம் 1969இலிருந்து இயங்குகிறது. இவை போலக் கத்தோலிக்கரும் மற்றவரும் நடத்தும் இல்லங்கள் தீவெங்கும் இருக்கின்றன. ஞாபகம் நழுவத் தொடங்கினால் பின்னால் கற்ற மொழிகள் பலருக்கு முதலில் உதிர்கின்றன. மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய ஒரு பாட்டி, வேறோர் இல்லத்தில், கடைசியில் தமிழ் மட்டுமே பேசினார். மாலை ஆறு மணி ஆனால், "வௌக்கு வச்சாச்சா?" என்று கேட்பார். பிலிப்பீன்ஸிலிருந்து வந்த தாதி அன்போடு ஓடிவந்து வலிக்கிறதா என்று பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார், தலையணையைச் சரிசெய்வார். பாட்டி மறுபடியும் கேட்பார். "வச்சாச்சு ஆத்தா" என்று ஒருவர் சொன்னால் போதும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தோம், அந்நேரத்தில் அவரவர் வீட்டில் தமிழ்த் தொடர் பார்த்துக்கொண்டு.

ஏன் இப்படி ஆனோம்? மனம் கெட்டதால் மட்டும் ஆகவில்லை. நாம் இரண்டு பங்குகளுக்கு நடுவில் நின்றோம். லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழும்பியது. குருவானவர் மெனூவ்ரியே காலத்தில் கட்டி முடித்தது. நம் திருமணம், ஞானஸ்நானம், மாதா திருவிழா எல்லாம் அங்கே. மொழி அங்கே இருக்கிறது, மனமும் அங்கே போகிறது, அதில் பிழையில்லை. ஆனால் அங்கே அறப்பணிக் குழுவில் பெயர் கேட்டால், "நாங்க புக்கிட் பாஞ்சாங், தூரம்" என்றோம். இங்கே கேட்டால், "எங்க பங்கு ஓஃபிர் ரோடு" என்றோம். இரண்டு பதிலும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நாம் எங்குமே இல்லை என்று அர்த்தம். வார நாளில் திடீரென்று நோயில் பூசுதல் வேண்டும், வீட்டில் இறப்பு என்றால் மட்டும் சூசையப்பர் ஆலயத்துக் கதவைத் தட்டினோம். அவர்களும் ஒருநாளும் நீங்கள் யார் என்று கேட்காமல் வந்தார்கள்.

அதோடு கூச்சமும் உண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், அங்கே போய் என்ன பேசுவது என்று ஒதுங்கினோம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள், நம்மை உள்ளே விடுவார்களா என்று தயங்கினோம். பரிசோதனை உண்டு, படிவம் உண்டு, பயிற்சி உண்டு என்றதும் பின்வாங்கினோம். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு யாரை வேண்டுமானாலும் விட முடியுமா? நம் பிள்ளைக்கு டியூஷன் டீச்சர் வைக்கும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்காக இல்லம் விசாரித்தால் அதை அவமானமாக எடுத்துக்கொண்டோம்.

வின்சென்ட் தே பவுல் சபையை நம் ஊரில் அறியாத கத்தோலிக்கர் இல்லை. சிங்கப்பூரில் அது 1883இலிருந்து இருக்கிறது. அந்தச் சபையை முதன்முதலில் தொடங்கியவர் பாரிஸ் மாணவர் ஃபிரெடெரிக் ஓசனாம். 1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாவது பிறந்தநாளன்று, நண்பர்களோடு முதல் கூட்டம் போட்டார். இளைஞர்கள் அவர்கள், கையில் பெரிய காசில்லை. ரோசலி ரந்து என்ற கன்னியாஸ்திரீ தன் பகுதியின் ஏழைக் குடும்பங்களின் முகவரிகளைக் கொடுக்க, அந்த மாடிப்படிகளில் தாங்களே ஏறிப் போனார்கள். இன்றும் அந்தச் சபையின் வேலை அதுதான்: இருவர் இருவராக வீட்டுக்குப் போவது, உட்கார்ந்து பேசுவது, மறுபடியும் போவது. நம் வட்டாரத்து வாடகைப் புளோக்குகளில், நீண்ட நடைபாதையில் கதவு கதவாக அந்தச் சபையினர் போகும்போது, தமிழ்க் குடும்பம் வந்தால் பேச ஆள் இல்லாமல் கையசைத்துச் சிரித்துவிட்டு வருவதாக ஒரு சீன அங்கிள் நம்மிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த முறை கூட வருகிறீர்களா என்றுதான் கேட்டார். பார்க்கலாம் என்றோம்.

கொடுப்பதற்கான வழிகளோ இந்த நாட்டில் மிக எளிது. பொதுநல நிறுவனத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு நூறு வெள்ளி கொடுத்தால், இப்போதைய விதிப்படி வரி கணக்கிடும் வருமானத்தில் 250 வெள்ளி கழித்துக்கொள்ளலாம். அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும், வருமான வரித்துறைக்குத் தானாகவே போய்ச் சேரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் கைரோவில் மாதம் இருபது வெள்ளி என்று ஒருமுறை எழுதிக்கொடுத்தால் மறந்துவிடலாம். அதில் மறதிதான் நன்மை. டிசம்பரில் வரும் ஐந்நூறு வெள்ளியைவிட மாதாமாதம் நிச்சயமாக வரும் இருபது வெள்ளியை நம்பித்தான் ஓர் இல்லம் ஆளை வேலைக்கு எடுக்க முடியும். வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956இலிருந்து இருக்கிறது. அதற்குக் குடும்பங்களைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் பணியில் பாய்ஸ் டவுனும் இருக்கிறது. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், அறைகள் காலியாகிக் கிடக்கும் நான்கறை, ஐந்தறை வீடுகள் நம்மிடம் எத்தனை! அந்த அறையில் தையல் இயந்திரமும் ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிகளும் இருக்கின்றன. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே ஒரு கட்டில் போடலாமா என்று நம் ஜெபக் குழுவில் ஒரு வீட்டிலும் பேச்சு எழுந்ததில்லை. அதற்கு எல்லாராலும் முடியாது என்பது சரி. கேள்வியைக்கூட எழுப்பாமல் இருந்ததற்கு என்ன சமாதானம் சொல்வோம்?

இந்தத் தவக்காலத்தில் ஒரு ஜெபக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள். பெர்த்திலிருந்து திரும்பிவிட்ட ஆசிரியர் அக்கா அன்று ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடியும்போது, அந்தப் பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருப்பான் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம்தான். தமிழ் சொல்லிக்கொடுக்கச் சிலர் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். பரிசோதனை முடியக் காத்திருக்கிறார்கள். ஒருவர் முறைவேலை பார்க்கிறவர், எல்லா வாரமும் ஒரே நாள் வர முடியாது. ஆகவே இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளை எடுத்துக்கொள்வது, ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் விடாமல் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஜூன் விடுமுறைக்குத் தனியாகப் பட்டியல் போட வேண்டும், இன்னும் போடவில்லை. கைரோ படிவம் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று; திரும்பி வந்தது பாதிகூட இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகாமல், கேஷ்யூவில் இறங்கிச் சூசையப்பர் ஆலயத்தில் பூசை கண்டு, அங்கேயே அறப்பணிக் குழுவினரோடு உட்கார்ந்து என்ன வேலை இருக்கிறது என்று கேட்பது என்ற யோசனைக்குப் பெரியவர்கள் சிலர் இன்னும் சம்மதிக்கவில்லை. தமிழ்ப் பூசையை விடுவதா என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேச வேண்டும். வாடகைப் புளோக்குக்கு வரச் சொன்ன சீன அங்கிளுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டோம், வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருவர் வருகிறோம் என்று.